வாய் காணப்படவில்லை

“நான்தான் கடைசின்னு அப்பவே சொன்னேன்ல? காது என்ன அடைச்சா போச்சு?”

“யாருகிட்ட சொன்னே? இதோ, இவங்ககிட்டயா? இவங்க எந்த வாயால அதை எனக்குத் திருப்பிச் சொல்வாங்க?”

“கேக்காம வந்து உக்காந்தது உன் தப்பு.”

“கேட்டேன்! மூணு தடவை கேட்டேன்! ஒருத்தரும் பதில் சொல்லல!”

“பதில் சொல்ல முடிஞ்சா அவங்க எதுக்குடி இங்க வர்றாங்க?”

கடைசியாகச் சொன்னது நான். எதிரே நின்று கத்தியவள் நரித்தோல் தொப்பி வைத்த ஒருத்தி. மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிஷ்கெக்கில், குரல்வழிப் படப்பதிவுக் குடியரசு மையத்தின் இரண்டாம் மாடி நடைக்கூடத்தில், அந்த ஜனவரிக் காலையில் தொண்டை நன்றாக இருந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் காலில் நீல பிளாஸ்டிக் உறையோடு, பந்தாட்டம் பார்ப்பதுபோல என் பக்கம் ஒரு தடவை, அவள் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் குரல் போனவர்கள்.

எங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நடைக்கூடத்தில் நுழைந்ததும் “யார் கடைசி?” என்று கேட்க வேண்டும். ஒருவர் “நான்” என்பார். அவருக்குப் பின்னால் நாம். அடுத்து வருபவர் கேட்கும்போது நாம் “நான்” என்போம். சீட்டு கிடையாது, எண் கிடையாது. அதற்கு உயிர் வரிசை என்று பெயர். பாங்கிலும் ரொட்டிக்கடையிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் செத்தவர்களைப் பதிவு செய்யும் இடத்திலும்கூட உயிர் வரிசைதான். இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் அது வேலை செய்யவில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் பெரிய படிப்பு படித்தவர்கள் யோசித்து, சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள்:

“கை தூக்குதல், சைகை காட்டுதல், தாளில் எழுதிக் காட்டுதல் ஆகியவை வரிசையில் செல்லாது. தாள் லஞ்சத்துக்கு வழிவகுக்கும். உயிர் வரிசை உயிருள்ள குரலால் மட்டுமே நடத்தப்படும். – இயக்குநர், பேராசிரியர் எசென்கான் ஜப்பாரோவிச்.”

நான் கூட்டிப் போனது என் பக்கத்து வீட்டு ஷெய்ஷெனை. ஐம்பத்துநாலு வயது. மேற்குப் பேருந்து நிலையத்தில் தலாஸ் வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுகிறவர். “தலாஸ்! தலாஸ்! நாலு இடம் காலி! தலாஸ்!” என்று அவர் கூப்பிட்டால் ஓஷுக்குப் போக வந்தவன்கூடத் தலாஸ் வண்டியில் ஏறிவிடுவான். இருபத்தாறு வருஷம் அந்தக் கூப்பாட்டில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. புது வருஷம் கழிந்து ஒரு காலை எழுந்து மனைவியைத் தேநீர் கேட்டார். கதவு கிறீச்சிட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அன்றோடு சரி.

நிலையத்தில் மெதெர் என்று ஒரு இளவட்டம். காதில் வளையம், கையில் ஒலிபெருக்கிப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டியே நாள் முழுக்கத் “தலாஸ்” என்று சொல்லும். தேநீர் கேட்காது, சிகரெட் கேட்காது. ஓட்டுநர்கள் கூடிப் பேசி, இத்தனை வருஷ மரியாதைக்காக நவ்ரூஸ் பண்டிகை வரை ஷெய்ஷெனின் இடத்தைக் காலியாக வைப்பதாகச் சொன்னார்கள். மார்ச் இருபத்தொன்று. அதற்குள் குரல் வந்தால் இடம் அவருக்கு, வராவிட்டால் பெட்டிக்கு.

எங்கள் பேட்டை டாக்டரம்மா தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “மையத்துல படம் எடுத்துட்டு வாங்க. படம் இல்லாம மருந்து எழுதினா என் வேலை போயிடும்,” என்றாள். அவர் மனைவி ஊல்கானுக்கு ரொட்டிச்சூளையில் காலை வேலை. அதனால் துணைக்கு நான் போனேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கும் மூன்று வருஷமாக ஒரு அரிப்பு.

நரித்தொப்பிக்காரியைக் கத்தித் தோற்கடித்து, மூன்று மணி நேரம் கழித்துப் பதிவு ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே பெர்மெத் என்று ஒரு பெண், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு. முன்னால் ஒரு மைக்.

“பேரை உரக்கச் சொல்லுங்க. சம்மதத்தை மெஷின் குரலாலதான் வாங்கிக்கும்.”

ஷெய்ஷென் மைக்கில் காற்றை ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி ஊதினார். மூன்றாம் முறை, மூடியை எடுத்த சோடா பாட்டில் மாதிரி ஒன்று வந்தது.

பெர்மெத் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வரலை.”

“குரல் வரலைன்னு தெரியும் பொண்ணே. அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

“குரல் இல்ல எஜே. ஆளு வரலை. ‘விண்ணப்பதாரர் வரவில்லை’ன்னு போட்டிருக்கு.” எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா.

“ஆளு உன் மூக்குக்கு முன்னாடி நிக்கிறாரே!”

“நிக்கிறாரு. இல்லைன்னு சொன்னேனா? ஆனா வரலை.”

எனக்கு வந்த கோபத்தில் மைக்கை என் பக்கம் இழுத்து, அடித்தொண்டையில் “ஷெய்ஷென்!” என்று கத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது.

“இப்ப வந்துட்டாரு,” என்று பெர்மெத் சிரித்தாள். கோப்பில் ‘ஆண், பெண் குரலுடன்’ என்று பதிந்தது. பிறகு கயிற்றில் கோர்த்த ஒரு அட்டையை எடுத்து ஷெய்ஷெனின் கழுத்தில் மாட்டினாள். ‘படத்துக்கு முன் பேசக் கூடாது’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“இது எதுக்கு?”

“பேசினா கோளாறு மாறிடும் எஜே. மாறின கோளாறைப் படம் எடுத்தா அது பொய்ப் படம். கோளாறு சுத்தமா இருக்கணும். முணுமுணுக்கக் கூடாது, இருமக் கூடாது, தூக்கத்துல உளறக் கூடாது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

ஷெய்ஷென் நேர்மையான மனிதர். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அன்றைய தினத்திலிருந்து அவர் வாயைத் திறந்தது சூப் குடிக்க மட்டும்தான். வீட்டில் ஊல்கான் என்ன திட்டினாலும் பதில் இல்லை. “முப்பது வருஷத்துல இப்பதான் இவரு நான் சொல்றதைக் கேக்குற மாதிரி இருக்கு,” என்று அவள் மாடிப்படியில் என்னிடம் சொன்னாள்.

படம் மறுநாளே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். முதல் வாரம், கூடவே கேட்டிருந்த நெஞ்சு எக்ஸ்ரே படத்தின் முத்திரை நான்கு நாள் முன்பே காலாவதி என்றார்கள். புது முத்திரை வாங்கினோம். இரண்டாம் வாரம், நெஞ்சுப் படத்தில் தொண்டை இல்லை, ஆகவே அது செல்லாது என்றார்கள். தொண்டை இருந்தால் இங்கே எதற்கு வருகிறோம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை எழுத்தில் தரச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் ஸ்கேன் மெஷினுக்கு ஓய்வு. நான்காம் வாரம் வரிசையில் எங்கள் இடம் போய்விட்டது. எங்களுக்கு முன்னால் நின்றவர் வரவில்லை, அவர் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் குரல் இல்லை.

இதற்கு நடுவில் தினமும் பத்து மணிக்கு ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே நேராக உள்ளே போகும். இளசுகள், கன்னம் சிவந்து, கையில் கறி வைத்த சாம்சாவோடு. காலில் நீல உறைகூடக் கிடையாது. ஏழாம் வாரம் நான் ஒருத்தியைப் பிடித்து நிறுத்தி, “உனக்கு என்ன வியாதிம்மா?” என்றேன்.

“வியாதியா? நாங்க இசைக்கல்லூரி எஜே. பாடுறவங்க.”

நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். ஷெய்ஷென் கையில் ஒரு சாக்லேட் பெட்டியோடு பின்னால் வந்தார். பேராசிரியர் எசென்கான் ஜப்பாரோவிச் நல்ல உயரம். மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படங்கள். எல்லாம் பக்கவாட்டில் வெட்டிய மனிதத் தலைகள், நாக்கும் தொண்டையும் சாம்பல் நிறத்தில் பளபளக்க. அவர் சாக்லேட் பெட்டியை இழுப்பறையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே இடமில்லை. கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது.

“பைகே, இது குரல் கெட்டவங்களுக்கான மையம்தானே?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

“நிச்சயமா.”

“அப்புறம் ஏன் குரல் நல்லா இருக்கறவங்களையே படம் எடுக்கிறீங்க?”

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அம்மா, இந்த மெஷினுக்கு ஒருத்தர் இருபது செகண்டு விடாம ‘ஈ’ன்னு சொல்லணும். ஒரே சுதியில, ஆடாம, உடையாம. அப்பத்தான் படம் தெளிவா வரும். உங்க நோயாளிங்களால அது முடியுமா? ரெண்டாவது செகண்டுல உடைஞ்சிடறாங்க. இருமறாங்க. ஒருத்தர் அழுதாரு, கண்ணீர் மெஷின்ல பட்டுச்சு. நான் வெளிப்படையாவே சொல்றேன், நோயாளிங்க படத்தைக் கெடுக்கிறாங்க. மூணு வருஷத்துல பதினோராயிரம் படம் எடுத்திருக்கோம். ஒண்ணுல, ஒரே ஒண்ணுல கூட நோய் கிடையாது! எந்த நாட்டு மையம் இப்படிச் சொல்ல முடியும்?”

“அப்ப நோய் இருக்கறவங்க எங்க போறது?”

“நல்லாகிட்டு வரட்டும். யாரு வேணாம்னது?”

ஷெய்ஷென் கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நவ்ரூஸ் தேதி வட்டமிட்ட காலண்டர் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பேராசிரியர் அதைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். கருவாட்டு விளம்பரம் இருந்தது. இரண்டு வாரத்தில் துணை அமைச்சர் வரப்போவது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு நோயாளியாவது இருந்தால் நல்லது என்று தோன்றியிருக்கவும் வேண்டும்.

“சரி, எடுத்துடலாம்,” என்றார். “அவரு வாயை ‘ஈ’ன்னு வெச்சிட்டுப் படுத்திருக்கட்டும். சத்தத்தை வேற யாராவது போடட்டும்.”

அப்படித்தான் நடந்தது. பொய் சொன்னால் என் நாக்கு அழுகட்டும். ஷெய்ஷென் காந்த ஸ்கேன் குழாய்க்குள் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த அறையில் பெர்மெத் மைக்கைப் பிடித்து இருபது செகண்டு “ஈஈஈ” என்றாள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது. மெஷின்காரப் பையன் படிவத்தை வாசித்தான்: “உடம்புல இரும்பு ஏதாவது?”

“இரும்பா? தங்கம்!” என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் குடியிருப்பில் ஷெய்ஷெனின் ஆறு மேல்பற்கள் பேர் போனவை. கல்யாணத்தின்போது ஊல்கானின் அண்ணன், பல்கட்டி சூயுன், கட்டிய தங்கப்பற்கள். அவள் அம்மாவின் தோடும் மோதிரமும் உருகி அந்தப் பற்களில் போயிருந்தன. வெயில் நாளில் அவர் கூப்பிட்டால் நிலையத்தின் அந்தக் கோடியிலிருந்து மினுக்குவது தெரியும். தங்கமென்றால் பரவாயில்லை, காந்தம் சீண்டாது என்றான் பையன்.

படம் வந்தது. நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, கழுத்தெலும்பு அழகாக இருந்தது. மூக்குக்குக் கீழேயிருந்து தொண்டை வரை கரிய வட்டம். அடுப்பில் விழுந்த சட்டையின் ஓட்டை மாதிரி.

“தங்கம்னீங்களே எஜே,” என்றான் பையன். “இது எஃகு. மேல மஞ்சப் பூச்சு. எஃகு இருந்தாத்தான் இப்படி முழுங்கும்.”

செய்தி எனக்கு முன்னால் குடியிருப்புக்குப் போய்விட்டது. அது எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. நான் நாலு பேரிடம்தான் சொன்னேன். மறுநாள் ஊல்கான் ரொட்டி மாவு ஒட்டிய கையோடு மையத்துக்கே வந்து நடைக்கூடத்தில் நின்று கத்தினாள். “எங்கம்மாவோட தோடுய்யா! முப்பது வருஷமா நான் ஒரு கரண்டியையா முத்தம் குடுத்துட்டிருந்தேன்? ஏன்யா வாயடைச்சு நிக்கறே, சொல்லேன்! எங்கண்ணன் திருடனா, இல்ல நீ கூட்டாளியா?” ஷெய்ஷென் கழுத்து அட்டையைச் சுட்டிக் காட்டினார். அவருக்கு இன்னும் நல்ல படம் எடுக்கவில்லை, பேசக் கூடாது. குற்றமில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் விழுங்கியதை நான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

அந்தப் படத்தை என்ன செய்வது என்று ஏழு பேர் குழு கூடியது. கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் அதன் பக்கத்தில் ஷூ உறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாகவே சரிசெய்துகொண்டிருந்தேன்.

“பல்லைக் கழட்டிட்டு மறுபடி எடுக்கலாமே,” என்றது ஒரு குரல்.

“மறுபடி எடுத்தா முதல் படம் தப்புன்னு ஆயிடும்,” என்றார் பேராசிரியர். “நம்ம மையத்துல தப்பான படம் இதுவரை கிடையாது.”

“ஆனா ஆளுக்கு வாய் இருக்கே, எசென்கான் ஜப்பாரோவிச். நானே பார்த்தேன். தேநீர் குடிச்சாரு.”

“நீங்க பார்த்தது கண்ணால. கண்ணு கருவியா? அதுக்கு அளவீட்டுச் சான்றிதழ் இருக்கா? கண்ணை நம்புறதா இருந்தா மக்கள் பணத்துல மெஷின் எதுக்கு? படத்துல இல்லாதது ஆளுகிட்ட இருந்தா அது ஆளோட பிழை.”

ஏழு கையெழுத்தோடு முடிவு வந்தது. ‘வாய் காணப்படவில்லை. வாய் இல்லாதவருக்குக் குரல் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. நோயாளி நலம்.’ கீழே வட்ட முத்திரை. அந்த முத்திரையின் மையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மார்ச் இருபது. நாளைக்கு நவ்ரூஸ். ஊல்கான் இரண்டு வாரமாக அவருக்குச் சூப் ஊற்றுவதோடு சரி, முகம் பார்ப்பதில்லை. நிலையத்தில் மெதெர் கம்பத்தில் ஆணி அடித்துவிட்டான், பெட்டியை மாட்டத்தான் பாக்கி. துணை அமைச்சர் வரும் நாளும் அந்த இருபதாம் தேதிதான். ‘வாயில்லா மனிதர்’ படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் நிற்க ஷெய்ஷெனுக்கு ஆணை வந்திருந்தது. சத்தமில்லாமல் நிற்க வேண்டும், வாயை மூடியே வைக்க வேண்டும். அதுவரை எல்லோரோடும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சின் கோடியில், எல்லாருக்கும் கடைசியாக உட்கார்ந்தார்.

பேராசிரியர் கீழே வாசலில் பூங்கொத்தோடு காத்திருந்தார். துணை அமைச்சரோ பின்வாசலில் வண்டியை நிறுத்தி, உதவியாளர்கள் மூன்று பேரோடு நேராக நடைக்கூடத்துக்குள் வந்துவிட்டார். பருத்த மனிதர், நரின் மலைப்பகுதிக்காரர். மினுக்கும் தரையில் ஷூவைத் தேய்த்தார். இரண்டு பக்கமும் பெஞ்சுகள், அவற்றில் வாய் பேசாத ஜனங்கள். எங்கள் ஊரில் பிறந்து எங்கள் ஆஸ்பத்திரிகளில் வளர்ந்த எவனும் அந்தக் காட்சியைக் கண்டால் என்ன செய்வானோ அதையே அவரும் செய்தார். யோசிக்காமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, உரக்கக் கேட்டார்:

“யார் கடைசி?”

“நான்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “நான்தான் கடைசி! எனக்குப் பின்னாடி நில்லுங்க! தள்ளி நில்லுங்க, நாலு பேருக்கு இடம் இருக்கு!”

ஷெய்ஷென் எழுந்து நின்றிருந்தார். ஒன்பது வாரம் சூப்பைத் தவிர எதுவும் உரசாத தொண்டை. கேட்ட கேள்விக்குத் தன்னாலே திறந்துகொண்டது. அவரே பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்தினார், பிறகு கையை எடுத்து மெல்ல, “தலாஸ்?” என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாக, “தலாஸ்!” பெஞ்சிலிருந்த பதினான்கு பேரும் கை தட்டினார்கள். சைகை செல்லாது என்ற சுற்றறிக்கைக்குக் கீழேதான் தட்டினார்கள்.

துணை அமைச்சர் அவருக்குப் பின்னால் நின்றுவிட்டார். கேட்டவன் நிற்க வேண்டும். கேட்டுவிட்டு முன்னால் போகிறவனை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். பேராசிரியர் மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது துணை அமைச்சரும் மூன்று உதவியாளர்களும் வரிசையில் நின்று, நரித்தொப்பிக்காரியிடம் நெஞ்சுப் படத்து முத்திரையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவருதான் உங்க வாயில்லாத ஆளா?” என்றார் துணை அமைச்சர். “இப்பப் பேசினாரே.”

“இருக்க முடியாதுங்க,” என்றார் பேராசிரியர். படத்தைக் கையால் காட்டினார். “தயவுசெஞ்சு நீங்களே பாருங்க. எதால பேசியிருப்பாரு?”

ஷெய்ஷென் அதைக் கேட்க நிற்கவில்லை. அட்டையைக் கழற்றிப் பெர்மெத்தின் ஜன்னலில் வைத்துவிட்டு, நேராக ரொட்டிச்சூளைக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். இந்த வயதில் ஓடக் கூடாதுதான், ஆனால் கேட்காமல் விடவும் முடியாதே. “எனக்குத் தெரியாது ஊல்கான்! உங்கண்ணன் மேல சத்தியமா எனக்கும் தெரியாது!” என்று அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. ஊல்கான் மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, “கத்தாதய்யா, ஊரே கேக்குது,” என்றாள். மறுநாள் காலை நிலையத்தில் அவர் நின்றார். முதல் வண்டி ஏழு நிமிஷத்தில் நிறைந்தது. மெதெர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். ஆணி இன்னும் கம்பத்தில் இருக்கிறது, ஓட்டுநர்கள் கோட் மாட்டுகிறார்கள்.

“கத்திக் கத்திக் காய்ப்பு கட்டியிருக்கும். ரெண்டு மாசம் வாயை மூடிட்டிருந்தா தன்னால போயிருக்கும்,” என்றாள் எங்கள் பேட்டை டாக்டரம்மா, பிறகு. இதை ஏன் ஜனவரியிலேயே சொல்லவில்லை என்றேன். “படம் இல்லையே,” என்றாள். மையத்தின் ஆண்டறிக்கையில் ஷெய்ஷென் ‘படத்தாலேயே குணமானவர்’ என்ற தலைப்பில் நான்கு பக்கம் வருகிறார். படமும் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோடையில் மெதெர் பெர்மெத்தைக் கட்டிக்கொண்டான். சம்மதத்தைக் குரலால் வாங்கினானா, எழுத்தில் வாங்கினானா தெரியவில்லை. இருவரும் கரகோலுக்குக் குடிபோய், ஏரிக்கரையில் பெட்டியை வைத்துப் படகுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். பெட்டியில் இருப்பது பெர்மெத்தின் குரலாம், இருபது செகண்டு விடாமல் கூப்பிடுமாம். பல்கட்டி சூயுன் தங்கை கண்ணில் படாமல் ரஷ்யாவுக்குப் போய் ஓம்ஸ்க்கில் பல் கட்டுகிறான். பேராசிரியருக்குப் பதவி உயர்வு. எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாட்டியில் காதுப் படப்பதிவு மையம் தொடங்கப் போய்விட்டார். அங்கே நோயாளிகளைப் பேர் சொல்லி ஒரே ஒரு முறை, மெதுவாகக் கூப்பிடுவார்கள் என்று கேள்வி.

ஷெய்ஷென் எங்கும் போகவில்லை. போன மாதம் அந்த எஃகுப் பல் ஒன்று வலியெடுத்து, பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நடைக்கூடத்தில் “யார் கடைசி?” கேட்டு, இரண்டு மணி நேரம் நின்று, நாற்காலியில் உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்தார். பல் டாக்டர் ஊசியோடு குனிந்தவர், கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மன்னிச்சுக்குங்க பைகே,” என்றார். “உங்களுக்கு வாய் இல்லைன்னு இருக்கே. ஏழு பேர் கையெழுத்து.”

ஷெய்ஷென் திறந்த வாயோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் அந்த வாய்க்குள் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.